பாய்க்குள் இருந்த துவக்கு

எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருக்கிறது. களவுத் துவக்கு இல்லை. யானைக்கும் பன்றிக்குமாக அரசாங்கம் என் வீட்டுக்காரர் பெயரில் கொடுத்தது. ஒற்றைக் குழல். வருடம் முடிவதற்குள் அதைத் திருகோணமலையில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, பெர்மிட் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். குத்தாவிட்டால் துவக்கு போய்விடும். துவக்கு போனால் வயலும் போன மாதிரித்தான்.

ஈச்சிலம்பற்றிலிருந்து கச்சேரிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு மணித்தியாலம். துவக்கை எப்படிக் கொண்டுபோவது என்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றி, குழலையும் பிடிக்கட்டையையும் பாயில் வைத்துச் சுருட்டி, இரண்டு இடத்தில் கட்டி, பெண்பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. நீளமான சாமான் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆண்பிள்ளை ரோட்டில் போனால் சண்டை நாளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாயோடு போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று நினைப்பார்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருடம். வழக்கம் மட்டும் முடியவில்லை.

போன வருடம் மார்கழிக் கடைசியில் புறப்பட்டோம். மழை விட்ட நாள். டிசம்பரும் வருடமும் முடிய மூன்று நாள்தான் இருந்தது. அதற்குமுன் ஒரு கிழமையாக மழை, அவருக்குக் காய்ச்சல். போக ஏலாமல் போயிற்று. நெல் குடலை தள்ளி, கதிர் வெளிவரப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாசத்துக்கு யானை வரும்.

புறப்படும்போதே எனக்கு மனம் சரியில்லை. பழைய பாயில் சுற்றச் சொன்னார் அவர். அந்தப் பாய் ஓரம் பிய்ந்தது. கச்சேரிக்குப் போகும்போது பிச்சைக்காரி மாதிரிப் போக எனக்கு விருப்பம் இல்லை. நான் பன்புல்லில் இழைத்த புதுப் பாயை எடுத்தேன். நடுவில் சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் போட்ட கோடு. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனை வந்தா இதை விரிச்சுப் படுக்கச் சொல்லு புள்ள. துவக்கே தேவைப்படாது."

அவர் அப்படித்தான். கதைத்துக்கொண்டே இருப்பார். நான் கதைப்பது குறைவு. இருபத்தாறு வருடமாக எங்களுக்கு அது சரியாகப் போகிறது.

பெர்மிட் புத்தகத்தையும் அவர் பாய்க்குள்ளேயே வைத்தார். துவக்கும் புத்தகமும் பிரியக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். அது பிழை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மீதி இருந்த இரண்டு தோட்டாவையும் ஒரு துணியில் முடிந்து என் கைப்பையில் போட்டேன். கச்சேரியில் சில வருடம் தோட்டாவையும் கேட்பார்கள், சில வருடம் கேட்கமாட்டார்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அவருக்குப் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, பாயை மடியில் நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். பாய்க்குள் இரும்பு. ஒவ்வொரு குழியிலும் அது என் விலாவில் குத்தியது. கை மாற்ற ஏலாது. ஹெல்மெட்டின் கொளுக்கி உடைந்து, வாரைத் தளர்வாக முடிந்து விட்டிருந்தேன். மற்ற நாட்களில் வாரை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு இரண்டு கையும் பாயில். வாரின் மிச்ச நுனி காற்றில் ஆடி என் கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அவர் முன்னால் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். யாருக்கோ யானை வேலி கிடைத்ததாம், பெர்மிட் துவக்கை எல்லாம் திருப்பி எடுக்கப் போவதாகக் கதை அடிபடுகிறதாம். நான் ஓம், ஓம் என்றேன். காதில் பாதிதான் விழுந்தது. முன்னால் யாராவது காக்கிச் சட்டை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மூதூர் கடக்கும்வரை ஒருவரும் இல்லை. இல்லை என்பதும் நிம்மதியாக இல்லை.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது காற்று பிடித்தது. ஹெல்மெட் பின்னால் சரிந்து முதுகில் தொங்கியது. கை விட்டுப் பிடிக்க ஏலாது. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் முடிந்த இடத்தில் விசில் கேட்டது.

டிரபிக் பொலிஸ். இரண்டு ஆண்களும் ஒரு பெண்பிள்ளையும். கொஞ்சம் தள்ளி மரத்தடியில் ஜீப், அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு சார்ஜன்ட் ஒருவர். அவருக்குப் பின்னால் துவக்கோடு ஒரு பொலிஸ்காரர். மறித்தவர் என் தலையைக் காட்டினார். ஹெல்மெட் கழுத்துக்குப் பின்னால் கிடக்கிறது, என்ன சொல்ல? என் வீட்டுக்காரர் லைசென்ஸைக் கொடுத்தார். இன்சூரன்ஸ் கேட்டார், கொடுத்தார். வரிப்பத்திரம் கேட்டார், கொடுத்தார். பாயை ஒருவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. தண்டத் துண்டு எழுத அவரைச் சார்ஜன்டிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது.

சொல்லாவிட்டாலும் நான் திறக்கமாட்டேன். அதற்குக் காரணம் அந்த இடம்.

முந்தி அங்கே பாலம் இல்லை. பஸ் கரையோடு நின்றுவிடும். இறங்கி, பாதை என்று சொல்லும் இரும்பு மிதவையில் நின்று அக்கரைக்குப் போக வேண்டும். ஏறுவதற்கு முன் வரிசையில் நின்று ஆமிக்காரரிடம் அடையாள அட்டை காட்ட வேண்டும். எனக்குப் பதினாறு வயது. அண்ணன் எனக்கு முன்னால் நின்றான். எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரைச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். முதல்நாள் எந்த வீட்டில் தங்கினான் என்பதையும் தானாகவே சொன்னான். உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். ஒரு மரக்குற்றியைக் காட்டி அதில் இருக்கச் சொன்னார்கள். இருந்தான். என்னைப் போகச் சொன்னார்கள். போனேன். பாதை கரையை விட்டு விலகும்போது அவன் செருப்பைக் கழற்றி மண் தட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். கேட்டதற்கு மட்டும் மறுமொழி. என்னைக் கட்டியபிறகு அவரும் அதைப் பழகினார். ஊரில் வாய் ஓயாத மனுசன், பொலிசைக் கண்டால் ஓம், இல்லை, இரண்டு சொல்தான்.

நான் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். பாய் தோளில் சாய்ந்து நின்றது. பாயை நிலத்தில் வைக்கலாமா? வைத்தால் கட்டை தட்டிச் சத்தம் வரும். சீட்டில் வைக்கலாமா? உருண்டு விழும். மற்றக் கைக்கு மாற்றினேன். திரும்ப மாற்றினேன். அந்தப் பக்கம் துண்டு எழுதி முடிகிற மாதிரி இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், போய்விடலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்பிள்ளை என்னிடம் வந்தாள். என் மகள் வயது இருக்கும். சிங்களப் பிள்ளை. தமிழ் புதிதாகப் படித்த மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைத்தாள். பாய் விற்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

நல்ல வடிவாக இருக்கிறதாம். அவளுடைய அம்மாவுக்கு நாரி நோவாம், இடுப்பு பிடிக்குமாம், வெறும் நிலத்தில் படுக்க ஏலாதாம். இந்தப் பக்கத்துப் பாய் நல்லது என்று சொன்னார்களாம், வந்ததிலிருந்து தேடுகிறாளாம். சொல்லிக்கொண்டே பாயின் ஓரத்தைப் பிடித்து, இரண்டு விரலால் மடக்கி இழையின் நெருக்கம் பார்த்தாள். பாய் வாங்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவள் விரலுக்கும் கட்டையின் அடிக்கும் இடையில் நாலு விரல்கூட இருக்காது.

வேறு ஒன்று இழைத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோசம். ஆனால் விடவில்லை.

"ஒருக்கா விரிச்சுக் காட்டுங்க அம்மா. நிறம் பாக்க."

கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள்.

அப்போது எனக்குள் ஓடியதை எல்லாம் எழுத ஏலாது. கையைத் தட்டிவிட்டால் பிழை. பாயை இழுத்தால் பெரிய பிழை. பேசாமல் நின்றால் அவளே அவிழ்ப்பாள், இரும்பைக் காண்பாள், அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறாது. மரத்தடியில் நிற்பவன் கையில் துவக்கு. என் வீட்டுக்காரர் அவனுக்கு முதுகு காட்டி நின்றார். துவக்கு என்ற சொல் அவர்களுடைய மொழியிலும் அதேதான். மொழி தெரியாது என்று தப்ப ஏலாது. அந்தச் சொல்லை முதல் சொன்னால் மற்றது ஒன்றும் கேட்காது. அதனால் மற்றதை முதல் சொன்னேன்.

"பிள்ளை, கையை எடுங்கோ. பெர்மிட் இருக்கு. கச்சேரிக்குக் கொண்டு போறம். உள்ளுக்கு இருக்கிறது துவக்கு."

அவள் கை முடிச்சிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"கழட்டி வச்சிருக்கு. தோட்டா போடேல்ல. நான் அசைய மாட்டன். நீங்க போய்ச் சொல்லுங்கோ."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக யூனிபோம் போட்ட ஒருவரிடமும் கேட்காததை நான் சொன்னதில்லை. இரண்டு உள்ளங்கையையும் பாயின் மேல் விரித்து வைத்தேன், விரல் எல்லாம் தெரிகிற மாதிரி. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை கத்தவில்லை. அதற்கு அவளை நான் மறக்கமாட்டேன். ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். பிறகு சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி சார்ஜன்டைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மரத்தடியில் கதிரை பின்னால் போய் விழுந்தது. துவக்குக்காரன் ஓடி வந்து எனக்கு நேரே நின்றான். என் வீட்டுக்காரர் அங்கிருந்து என்னிடம் ஓடி வரப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். நின்றார்.

பாயை அவர்களே வாங்கினார்கள். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து அவிழ்த்தார்கள். குழல், கட்டை, நடுவில் பிளாஸ்டிக் பைக்குள் பெர்மிட் புத்தகம். கிண்ணியாவுக்குப் போகிற வருகிற ஆட்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போனார்கள். சார்ஜன்ட் தலை நரைத்த மனுசன். தமிழ் நன்றாகத் தெரியும். புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டினார். ஏன் முதலில் சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"நீங்க கேக்கேல்லயே சார்."

அவர் கொழுப்பில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். சார்ஜன்டுக்கு அது கொழுப்பாகத்தான் கேட்டது.

"கேட்டாத்தான் சொல்லுவியா? அந்தப் பிள்ளை பயந்து, இவன் சுட்டிருந்தா? ஆர் செத்திருப்பா? நீயா, உன்ர மனிசியா?"

சார்ஜன்ட் புத்தகத்தை மூடினார்.

"தோட்டா இருக்கா?"

"இல்ல சார்."

என் கைப்பை என் தோளில் தொங்கியது. நான் அவரைப் பார்த்தேன். காலையில் நான் துணியில் முடிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர். பயத்தில் வாய் பழைய பாட்டுக்குப் போய்விட்டது. எதைக் கேட்டாலும் சின்ன மறுமொழி. இல்லை என்பதைவிடச் சின்னது ஏது? அடுத்தது என் பையைத் திறக்கச் சொல்வார்கள். எடுத்தால் அவர் பொய்யன். பெர்மிட் உண்மை, துவக்கு உண்மை, எல்லாம் அந்த ஒரு சொல்லில் பொய்யாகிவிடும். மரத்தடியில் கிடந்த கதிரையைப் பார்த்தேன். இவரை அதில் இருக்கச் சொல்லி, என்னைப் போகச் சொன்னால்?

"இருக்கு" என்றேன். "ரெண்டு. என்ர பையில."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் பையைத் தொடவில்லை. தோளைச் சாய்த்தேன். அந்தப் பெண்பிள்ளை வந்து பையைக் கழற்றி, துணி முடிச்சை எடுத்தாள்.

"உங்கட ஆள் இல்லை எண்டுறார்" என்றார் சார்ஜன்ட்.

"அவருக்கு மறந்து போச்சு."

அது பொய். அந்த நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். சார்ஜன்ட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் மனைவி இருந்திருக்கும். மறதிக்கு என்ன மருந்து என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். இனிமேல் துவக்கைப் பாயில் சுற்றக் கூடாது, உறையில் போட்டுக் காணக்கூடியதாகக் கொண்டுபோக வேண்டும், புத்தகம் சட்டைப் பையில் இருக்க வேண்டும், மறித்த உடனே முதல் சொல்லாக அதைச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு எங்களைப் பொலிஸ் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் வந்து எழுதினார், இன்னொருவர் வந்து அதையே திரும்ப எழுதினார். குழலில் வெட்டியிருந்த இலக்கம் துருவில் மறைந்திருந்தது. புத்தகத்தில் உள்ள இலக்கம்தானா என்று பார்க்க வேண்டுமாம். கச்சேரிக்கு டெலிபோன் எடுத்தார்கள். அங்கே யாரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார்கள். அன்றைக்கு முடியாது என்றார்கள். துவக்கையும் தோட்டாவையும் வைத்துக்கொண்டு ஒரு துண்டு தந்தார்கள். முழுக்கச் சிங்களம். அந்தப் பெண்பிள்ளை ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, இது துவக்கு, இது இலக்கம், இது தோட்டா இரண்டு, இது உங்களை அரெஸ்ட் பண்ணவில்லை என்பதற்கு, என்று சொல்லித் தந்தாள். கடைசி வரியை நான் இரண்டாம் முறையும் கேட்டேன்.

பாயைத் திருப்பித் தந்தார்கள். அதை அவளிடம் கொடுக்கப் போனேன். டியூட்டியில் வாங்கக் கூடாது என்றாள். கொடுக்கப் போனது சரியா பிழையா என்று எனக்கும் தெரியவில்லை. திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லை எண்டு ஏன் சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்ல புள்ள. வாய் தன்பாட்டில சொல்லிப்போட்டுது."

"தெரியும்" என்றேன்.

பாய் இப்போது பாரம் இல்லை. ஒரு கையால் பிடிக்கக் கூடியதாக இருந்தது. மற்றக் கையால் ஹெல்மெட் வாரைப் பிடித்துக்கொண்டேன். வீடு போகும்வரை அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்து நாள் துவக்கு இல்லாமல் இருந்தோம். விரட்டுவதற்கு யானை வெடியும் தட்டுகிற தகரமும்தான். யானை வரவில்லை, பன்றி வந்தது. வடக்கு மூலையில் ஒரு துண்டு வயலைக் கிண்டிப் போட்டது. காலையில் வரம்பில் நின்று பார்த்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் துவக்கு அன்றைக்கே வந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதால்தான் இவர் இங்கே நிற்கிறார் என்று நானும் சொல்லவில்லை. இரண்டும் சரியாக இருக்கலாம். கிண்டிய சேற்றைக் காலால் மிதித்துச் சமன் செய்துகொண்டு போனார்.

ஆறாம் நாள் கூப்பிட்டார்கள். இலக்கம் சரியாம். பொலிஸ் தந்த கடிதத்தோடு கச்சேரிக்குப் போனோம். நாள் தவறியது என்று எழுத்தர் முறைத்தார். கடிதத்தைப் பார்த்தபிறகு குத்தினார். சிவப்பும் நீலமும் கோடு போட்ட பாய் ஒன்று இழைத்து, ஸ்டேசன் வாசலில் நிற்பவர் கேட்பதற்கு முன்பே அவர் முன்னால் விரித்துக் காட்டி, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னேன். அவள் அப்போது லீவில் போயிருந்தாள். கிடைத்ததா என்று தெரியாது.

இந்த வருடமும் போனோம். கார்த்திகையிலேயே. துவக்கு கன்வஸ் உறையில், என் தோளில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. புத்தகம் அவருடைய சட்டைப் பையில். தோட்டா எத்தனை என்று ஒரு தாளில் எழுதி அதற்குள் வைத்திருந்தார். ஹெல்மெட்டுக்குப் புதுக் கொளுக்கி. சொல்ல வேண்டியதை வழி முழுக்க நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூதூரில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அவர் லொறி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தடியில் மரம் இருந்தது, கதிரை இருந்தது, ஆள் இல்லை. இவர் வேகத்தைக் குறைத்தார். நிற்பாட்டிக்கூடப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.

கச்சேரியில் எங்கள் முறை வந்தது. எழுத்தர் தலை நிமிரவில்லை. பெயர் என்ன என்று கேட்க வாய் திறந்தார்.

"பெர்மிட் இருக்கு" என்றேன். "உள்ளுக்கு இருக்கிறது துவக்கு. தோட்டா மூண்டு, போடேல்ல."

"அதுக்குத்தானே அம்மா வந்திருக்கிறீங்க" என்றார் அவர்.

ஓம் என்றேன். கை இரண்டும் மேசையில் விரிந்தபடி இருந்தது. அதை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.